மலைக் குளிரில் இரவுப் பாலூட்டல்: தாயின் தோளையும் மூடுங்கள்

ஈரோட்டு வெயிலில் வளர்ந்த நான் திருமணமாகி ஊட்டிக்கு வந்தேன். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் எங்கள் வழக்கம். கடைசி மாதத்தில் மலைப்பாதைப் பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், அம்மாதான் மேலே வந்தார். மகள் பிறந்தது டிசம்பர் நடுவில். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் அந்த மாதங்களில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கி, காலையில் புல்வெளியெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல் உறைபனி கிடக்கும்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்தார்கள். ஒருவர் குல்லா கொண்டுவந்தார், ஒருவர் கம்பளிப் போர்வை, இன்னொருவர் கையுறை. குழந்தை மூட்டைபோலச் சுற்றப்பட்டுக் கதகதப்பாகத் தூங்கியது. இரவு மூன்று மணிக்கு முன்பக்கத்தைத் திறந்து போட்டுக்கொண்டு, சில்லென்ற சுவரில் சாய்ந்து, பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தவள் நான். குளிரில் தோளைக் குறுக்கிக் குறுக்கி, பத்தாவது நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எப்போது முடியும் என்றே ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். வலியும் குளிரும் பதற்றமும் சேர்ந்தால் பால் இறங்குவதும் தாமதமாகும். குழந்தை அழும், நேரம் இன்னும் நீளும்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அதில் மூன்று நான்கு முறையாவது இரவில்தான். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில் கூடுதலாக இருப்பதால், இரவுப் பாலைக் குறைத்துச் சமாளிப்பது நல்ல வழி அல்ல. குளிரைத்தான் சமாளிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு இந்த ஊரில் பால் கொடுத்தும், அக்கம்பக்கத்துப் பச்சை உடம்புக்காரிகளுக்குத் துணையாக இருந்தும் நான் தெரிந்துகொண்டதை, மாலையில் தொடங்கி விடியும் வரை வரிசையாகச் சொல்கிறேன். கொடைக்கானலுக்கும் குன்னூருக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதலில் படுக்கும் இடம்

மாலை ஐந்து மணிக்கே சன்னலைச் சாத்திவிடுங்கள். திரை இருந்தால் இழுத்துவிடுங்கள். கட்டில் வெளிச்சுவரை ஒட்டிக் கிடந்தால் ஒரு சாண் அளவாவது தள்ளிப் போடுங்கள். இங்கே பழைய வீடுகளின் கல்சுவர் இரவில் ஈரம் கக்கும். அதில் சாய்ந்தால் முதுகுச் சூடு முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். கட்டிலை நகர்த்த இடமில்லாவிட்டால் சாய்கிற இடத்தில் ஒரு கெட்டியான தலையணையும் அதன் மேல் மடித்த ஜமுக்காளமும் வையுங்கள். சிமெண்ட் தரையில் இறங்கும் இடத்தில் ஒரு சாக்கு அல்லது மிதியடி போட்டு, செருப்பை அதன் மேலேயே விட்டுவிடுங்கள்.

மெத்தைக்குக் கீழே இருந்து ஏறும் குளிரைப் பலர் கவனிப்பதில்லை. மேலே இரண்டு கம்பளி போர்த்துவதைவிட, ஒன்றை மெத்தையின் மேல் விரித்து, அதன் மேல் பருத்தி விரிப்பைப் போட்டு இறுக்கமாகச் செருகிவிடுவது மேல். நீங்கள் படுக்கும் பக்கத்துக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். குழந்தை படுக்கும் இடம் தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும்.

இடுப்பு வரை போர்வை, அதற்கு மேல் உடுப்பு

எனக்குப் புரிய ஒரு மாதம் பிடித்த விஷயம் இது. குழந்தை பக்கத்தில் இருக்கும்போது ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையையோ கம்பளியையோ கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொள்ள முடியாது. அது குழந்தையின் முகத்தை மூடிவிடும். மூச்சு முட்டும், சூடும் ஏறும். ஆகவே போர்வை உங்கள் இடுப்போடு நின்றுவிட வேண்டும். இடுப்புக்கு மேலே உடுப்புதான் வேலை செய்ய வேண்டும்.

உடம்பை ஒட்டி மெல்லிய பருத்தி இருக்கட்டும். பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்கள் ஹார்மோன் இறங்குவதால் இரவில் நன்றாக வியர்க்கும். கம்பளியையோ நைலானையோ நேரடியாகப் போட்டால் வியர்வையில் நனைந்து, அடுத்த அரை மணியில் அதுவே குளிரும். நான் கணவருடைய பழைய முழுக்கை பனியன்கள் மூன்றை எடுத்து, போட்டுப் பார்த்து, மார்பு வரும் இடத்தில் சாக்பீஸால் குறித்து, இரண்டு வட்டம் வெட்டி ஓரம் தைத்துக்கொண்டேன். மேல் உடுப்பைத் திறக்கும்போது வயிறும் முதுகும் விலாவும் மூடியே இருக்கும். கடையில் வாங்கிய எந்த உடையும் இந்தப் பனியன் அளவுக்கு எனக்கு உதவவில்லை.

அதன் மேல் முன்பக்கம் ஜிப் அல்லது பொத்தான் வைத்த நைட்டி. அதற்கும் மேலே முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர். தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் வேண்டாம், அதைத் தூக்கினால் இடுப்பிலிருந்து காற்று ஏறும். புடவைதான் பழக்கம் என்றால் முன்கொக்கி ரவிக்கைக்கு மேல் இதே ஸ்வெட்டரைப் போட்டு, உள்பாவாடைக்குள் ஒரு லெக்கிங்ஸ் அணியலாம். காலுறை அவசியம். கால் சில்லிட்டிருந்தால் எத்தனை போர்த்தினாலும் உடம்பு அடங்காது.

சால்வையை எல்லோரும் கொடுப்பார்கள், அது நிற்காது. ஒவ்வொரு முறையும் தோளிலிருந்து நழுவும், ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊக்கு குத்துவது குழந்தைக்கு ஆபத்து. சால்வையின் நடுப்பகுதியைக் கழுத்தின் பின்னால் வைத்து, இரண்டு முனைகளையும் அக்குளுக்கு அடியில் பின்பக்கம் கொண்டுபோய், நீங்கள் சாய்ந்திருக்கும் தலையணையால் அழுத்திவிடுங்கள். தோளும் மேல்கையும் மூடியிருக்கும், முன்பக்கம் சும்மா இருக்கும். குழந்தையின் கன்னம் படும் இடத்தில் கம்பளி இல்லாமல் மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தலையில் துணி கட்டச் சொல்லி அம்மா வற்புறுத்தியபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த ஊர்க் குளிருக்கு அது நல்ல யோசனைதான் என்று இப்போது சொல்கிறேன். காதையும் பிடரியையும் மூடும் ஒரு மெல்லிய துணி போதும். ஆனால் ‘உனக்குச் சில்லிட்டால் பால் சில்லிட்டுவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்’ என்று சொன்னால் கவலைப்படாதீர்கள். பால் எப்போதும் உங்கள் உடல் சூட்டில்தான் வரும். உங்களுக்கே சளி பிடித்திருந்தாலும் பால் வழியாக அது போகாது. அதற்கு எதிரான நோய் எதிர்ப்புப் பொருள்கள்தான் பாலில் போய்ச் சேரும். தும்மும்போது முகத்தைத் திருப்பி, கையைக் கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுத்தால் போதும்.

கைக்கெட்டும் தூரத்தில்

போர்வைக்குள்ளிருந்து ஒவ்வொரு முறை எழும்போதும் சேர்த்து வைத்த சூடு போய்விடும், அது திரும்பி வரக் கால் மணி நேரம் ஆகும். அதனால் எழாமல் இருக்கும்படி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிளாஸ்கில் குடிக்கிற சூட்டில் வெந்நீர். பால் இறங்கும்போது திடீரென்று தாகம் எடுக்கும், அது இயல்பு. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்க்கு நாள் ஒன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. இரவிலும் பசிக்கும். கடலை மிட்டாயோ பேரீச்சம்பழமோ இரண்டு ரொட்டியோ ஒரு டப்பாவில் இருக்கட்டும். சுக்கும் பனங்கற்கண்டும் போட்ட பால் எனக்குப் பிடித்தது. ஆவி பறக்கும் எதையும் குழந்தை மடியில் இருக்கும்போது குடிக்காதீர்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன்பே குடித்துவிட வேண்டும்.

இடுப்புத் துணி நான்கு, குழந்தைக்கு மாற்றுச் சட்டை ஒன்று, உங்களுக்கு மாற்றுப் பனியன் ஒன்று, மடித்த பருத்தித் துண்டுகள் சில. இந்தத் துண்டுகள் பால் கசிவுக்கு. ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் ஒழுகும். ஐந்து டிகிரிக் குளிரில் மார்பில் ஈரத்துணி ஒட்டிக்கொண்டிருப்பதைப்போல நடுங்க வைப்பது வேறில்லை. ஒழுகத் தொடங்கும்போது உள்ளங்கையால் நேராக அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் நிற்கும். முடிந்ததும் துண்டை மாற்றிவிடுங்கள், ஈரத்தோடு படுக்காதீர்கள்.

வெந்நீர்ப் பையைப் படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு படுக்கையில் வைத்து, படுக்கும்போது எடுத்துவிடுங்கள். பிறகு அதை மாற்றுத் துணிகளோடு சேர்த்து ஒரு துண்டில் சுற்றி, எட்டும் இடத்தில் குழந்தை படுக்கைக்கு வெளியே வைத்தால், நள்ளிரவில் எடுக்கும் துணி வெதுவெதுப்பாக இருக்கும். குழந்தை இருக்கும் படுக்கைக்குள் அந்தப் பை இருக்கவே கூடாது. பச்சைக் குழந்தையின் தோல் மிக எளிதில் வெந்துவிடும்.

சிறிய மஞ்சள் விளக்கு ஒன்று போதும். டியூப் லைட்டைப் போட்டால் இருவருக்குமே தூக்கம் கலையும். மின்தடைக்கு ஒரு டார்ச்சும் இருக்கட்டும்.

குழந்தை எழுந்ததும்

அழும் வரை காத்திருக்காதீர்கள். வாயைச் சப்புவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையை அப்படியும் இப்படியும் திருப்புவது, இவைதான் பசியின் முதல் அடையாளம். அந்த நிலையிலேயே எடுத்தால் மார்பைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், நீங்கள் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நேரமும் குறையும்.

இப்போது நம் பெரியவர்கள் சம்மதிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். பால் கொடுக்கும்போது மூட்டையை அவிழ்த்துவிடுங்கள். கம்பளியில் இறுகச் சுற்றிய குழந்தை நாலு வாய் குடித்துவிட்டுச் சூட்டில் தூங்கிப்போகும். அரை மணியில் மறுபடி எழும். துணி மூட்டை நடுவில் இருப்பதால் வயிறோடு வயிறு ஒட்டாது, காம்பையும் சரியாகக் கவ்வாது. சுற்றியதை அவிழ்த்து, குழந்தையை உங்கள் மார்போடு சேர்த்து அணைத்து, அதன் முதுகின் மேல் ஒரு போர்வையைப் போடுங்கள், தலையும் முகமும் வெளியே. அப்படி அணைத்தால் தாயும் குழந்தையும் ஒருவரையொருவர் சூடாக்கிக்கொள்வார்கள். கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978இல் இன்குபேட்டர் போதாமல் போனபோது, எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார்கள். இன்று உலகமெங்கும் கங்காரு பராமரிப்பு என்று சொல்லப்படுவது அதுதான். பச்சைக் குழந்தையால் நம்மைப்போல நடுங்கிச் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாது. உங்கள் மார்பைவிட நல்ல இடம் அதற்கு இந்த அறையில் இல்லை.

ஈரத்துணியை ஒரு பக்கம் குடித்து முடித்ததும் நடுவில் மாற்றுங்கள். முதலிலேயே மாற்றினால் பசியில் கத்தும். கடைசியில் மாற்றினால் தூங்கிய குழந்தை விழித்துக்கொள்ளும். இடுப்புக்குக் கீழே மட்டும் திறந்து, நன்றாக ஒற்றி உலர்த்தி, வெதுவெதுப்பான துணியைக் கட்டிவிட்டு மறுபக்கம் கொடுக்கலாம்.

உட்கார்ந்து கொடுப்பதானால் முழங்கைக்கு அடியில் தலையணை வேண்டும். பாதத்தைத் தொங்கவிடாமல் முக்காலியில் வைத்து மூடிக்கொள்ளுங்கள். குளிரில் நாம் அறியாமலே தோள் காதுவரை ஏறிவிடும், உடம்பு குழந்தையை நோக்கிக் குனியும். குழந்தை கவ்வியதும் ஒருமுறை மூச்சை நீளமாக விட்டு, தோளை இறக்குங்கள். குழந்தைதான் மார்புக்கு வர வேண்டும், நீங்கள் குனிந்து போகக் கூடாது. கழுத்து வலி எனக்கு இதைச் செய்யத் தொடங்கிய பிறகே போனது.

படுத்தபடி கொடுப்பது இந்த ஊருக்கு உயிர்காப்பது மாதிரி. ஒருக்களித்துப் படுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. குழந்தையும் ஒருக்களித்து உங்களைப் பார்த்தபடி, அதன் மூக்கு உங்கள் காம்புக்கு நேராக. கீழ்ப்பக்கக் கையை மடக்கிக் குழந்தையின் தலைக்கு மேலே வைத்துக்கொள்ளலாம். போர்வை உங்கள் இடுப்பில் நிற்கட்டும். மேல்தோளுக்குத்தான் குளிர் தாக்கும், அங்கே ஸ்வெட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இதுவே சுகமான நிலை. தையல் மேல் எடை விழாது. வீட்டில் யாராவது குழந்தையைத் தூக்கிக் கொடுத்து வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

கணவருக்கு இங்கே வேலை இருக்கிறது. பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு முதுகை நீவி, துணியைச் சரிசெய்து, படுக்கவைப்பதை அவர் ஏற்றுக்கொண்டால், நீங்கள் உடனே முழுப் போர்வைக்குள் போய்விடலாம். என் கணவர் இதைச் செய்யத் தொடங்கிய வாரத்தில்தான் நான் முதல்முறையாகத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

திரும்பப் படுக்கவைக்கும்போது

குழந்தைக்குத் தனியிடம், உங்கள் கட்டிலை ஒட்டியபடி. மல்லாக்கப் படுக்கவையுங்கள். நாம் போட்டிருப்பதைவிட ஓர் உடுப்பு கூடுதலாக இருந்தால் போதும். தளர்வான கம்பளி, தலையணை, பொம்மை எதுவும் அருகில் வேண்டாம். உள்ளே தூங்கும்போது தலையை மூடும் குல்லாவைக் கழற்றிவிடுங்கள். குழந்தை அதிகச் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் தலை வழியாகத்தான். குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்திருந்தால் குல்லா விஷயத்தில் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள்.

கையும் காலும் சில்லென்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஓர் உடுப்பைக் குறையுங்கள்.

பால் கொடுத்தபடியே கண் அயர்ந்துபோவது எல்லோருக்கும் நடக்கிறது. அதனால்தான் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ இரவில் கொடுக்காதீர்கள் என்று சொல்கிறேன். அங்கே தூங்கிவிட்டால் குழந்தை இடுக்கில் நழுவி மூச்சு முட்டும் ஆபத்து மிக அதிகம். கட்டிலில் தூங்கிப்போக வாய்ப்பு உண்டு என்றால், குழந்தையைச் சுற்றித் தலையணையும் கனத்த போர்வையும் இல்லாதபடி முன்பே ஒழுங்கு செய்யுங்கள். குடித்தவரோ புகைபிடிப்பவரோ தூக்க மாத்திரை எடுத்தவரோ அந்தக் கட்டிலில் குழந்தையோடு படுக்கவே கூடாது.

ஹீட்டரும் கரி அடுப்பும்

அறையைச் சூடாக்கும் ஹீட்டர் இருந்தால் படுக்கும் முன் அரை மணி நேரம் போட்டுவிட்டு, தூங்கும்போது நிறுத்திவிடுங்கள். துணியும் திரையும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஈரமான இடுப்புத் துணியை அதன் மேலேயே காயப்போடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தீப்பிடிக்க அது ஒன்று போதும்.

கரி அடுப்பை, தணல் சட்டியை, எந்தக் காரணத்துக்காகவும் மூடிய படுக்கையறைக்குள் கொண்டுவராதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலையில் அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்திகள் வந்திருக்கின்றன. சாம்பிராணிப் புகையும் பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. பாட்டி கேட்டால் சாமி அறையில் மட்டும் போடட்டும்.

காம்பு வெளுத்து எரிந்தால்

சிலருக்குக் குழந்தை வாயை எடுத்த உடனே காம்பு வெள்ளையாகி, பிறகு நீலமோ சிவப்போ ஆகி, குத்துவதுபோல எரியும். குளிர்காற்று பட்டதும் அங்கே இரத்தக்குழாய் சுருங்குவதால் வருவது இது. எனக்கு வந்தபோது புண் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். வாயை எடுத்த நொடியில் உலர்ந்த வெதுவெதுப்பான துணியாலோ உள்ளங்கையாலோ மூடி, உடுப்பைச் சாத்திவிடுங்கள். காற்றில் உலரவிடச் சொல்லும் பொதுவான அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. குழந்தை காம்பை மட்டும் கவ்வி நசுக்கினாலும் இதே நிறமாற்றம் வரும் என்பதால், கவ்வும் விதத்தைச் செவிலியரிடம் காட்டிச் சரிபாருங்கள். தொடர்ந்தால் மருந்து உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த நடுக்கம் குளிரால்தானா

எத்தனை போர்த்தியும் பல் கிட்டிக்கிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது என்றால் தெர்மாமீட்டரை எடுங்கள். மார்பில் ஒரு பகுதி சிவந்து, கட்டியாகி, தொட்டால் வலித்து, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது மார்பு அழற்சியாக இருக்கலாம். பாலை நிறுத்தாதீர்கள், மறுநாளே மருத்துவரைப் பாருங்கள். வயிற்று வலியோ நாற்றமுள்ள உதிரப்போக்கோ தையலில் சீழோ சேர்ந்திருந்தால் விடியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

குழந்தைக்கு இயல்பான வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி. அதற்குக் கீழே இறங்கி, மார்பும் வயிறும் சில்லிட்டு, பால் குடிக்கச் சோம்பினால், உடனே தோலோடு தோலாக அணைத்து இருவரையும் மூடிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 108 ஆம்புலன்ஸ் இரவிலும் வரும்.

காலையில்

இங்கே வெயில் முற்றத்துக்கு வர ஒன்பது மணி ஆகிவிடும். வந்ததும் கம்பளி, ரஜாய், விரிப்பு எல்லாவற்றையும் வெளியே போட்டுவிடச் சொல்லுங்கள். ஈரம் கோத்த கம்பளி எவ்வளவு கனமாக இருந்தாலும் சூடு தராது. மூன்று மணிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பனி இறங்கி உலர்ந்ததெல்லாம் மறுபடி ஈரமாகும். எடுத்ததை வெயிலின் சூடு இருக்கும்போதே மடித்து, அன்று இரவு படுக்கும் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.